சங்கரப்பிள்ளையர் தந்த கிணறு

சுகாதாரப் பரிசோதகர் உத்தியோகம் என்றால் நோயைத் தேடிப் பிடிக்கிற உத்தியோகம் என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். அது ஒரு வாளி சுண்ணாம்புக்கு ஒன்பது பேரிடம் பல்லைக் காட்டுகிற உத்தியோகம் என்பது காக்கிக் காற்சட்டை தைத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்து விறாந்தை வாங்கில் இருந்திருந்து காற்சட்டையின் பின்பக்கம் தேய்ந்தவர்கள், 'நாளைக்கு வாரும்' என்ற சொல்லை நித்திரையிலும் கேட்பவர்கள், ஊருக்கு நல்லது செய்யப் போய் ஊராரிடம் பேச்சு வாங்கியவர்கள், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்பார்கள். நீங்கள் குறைத்துச் சொல்கிறேன் என்பீர்கள்.

மருந்துப் போத்தல்

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். எனக்குக் கிடைத்த பகுதி யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி. சாவகச்சேரியிலிருந்து முக்கால் மணி நேரம் சைக்கிள் மிதித்தால் வருகிற ஓர் ஊரின் ஓரத்தில், பனங்காணிகளுக்கு நடுவே இருபது குடிசைகள் இருந்தன. மரம் ஏறுகிறவர்களும் மற்றவர் தோட்டங்களில் கொத்துகிறவர்களும் குடியிருந்த இடம். ஊர்க் கிணற்றில் அவர்கள் கைவைக்கக் கூடாது. யாராவது பெரிய மனது பண்ணித் துலாவை இழுத்து அவர்களுடைய குடத்தில் ஊற்ற வேண்டும். அந்த மனது வரும்வரைக்கும் பெண்கள் வெயிலில் நிற்பார்கள். வராத நாட்களில் மாடு குளிப்பாட்டுகிற குளம் இருந்தது.

பொன்னியை அந்தக் குளத்தடியில்தான் முதலில் கண்டேன். புருசனை முந்தின வருடம், இங்கிலீசில் டைபொயிட் என்கிற நெருப்புக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். "என்ரை மனுசனை உந்தக் குளம்தான் கொண்டுபோனது, ஐயா. மிச்சம் ரண்டு பெட்டைப் பிள்ளையள் இருக்கு. எங்களுக்கெண்டு ஒரு கிணறு வேணும்" என்றாள். நான் படித்துச் சோதனை பாஸ் பண்ணித் தெரிந்துகொண்டதை அவள் படிக்காமலே சொல்லிவிட்டாள். ஆனால் கிணறு வெட்ட அவர்களுக்கு ஓர் அடி நிலம் இல்லை. குடிசை நின்ற நிலமே காணிக்காரருடையது. நிலம் கிடைத்தாலும் அடியில் கல். வெடி வைக்காமல் வெட்ட முடியாது. சண்டைக் காலத்தில் வெடிமருந்து கேட்டால் கேட்டவனைத்தான் உள்ளே வைப்பார்கள்.

எல்லாவற்றையும் விவரமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. பதில் என்றால் கடிதம் அல்ல, வைக்கோல் சுற்றிய ஒரு பெரிய போத்தல். உள்ளே தண்ணீரைச் சுத்தமாக்குகிற ஊதா நிறத் தூள். மாதம் ஒருமுறை கிணற்றில் போடவும் என்று துண்டு ஒட்டியிருந்தது. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு ரயில் கோச்சியில் யாழ்ப்பாணம் போனேன். அந்த இடத்தில் கிணறே இல்லை, கிணறு இல்லை என்பதுதான் முறைப்பாடு என்று மருந்துக் களஞ்சியக் கிளாக்கருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் தலை நிமிராமல் போத்தலை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கிணறு இருந்தால் மருந்து தரலாம். கிணறு இல்லாத ஆக்களுக்குக் குடுக்க எங்களிட்டை ஒண்டும் இல்லை."

பெயர் வைக்காத காய்ச்சல்

அடுத்ததாக, அந்த ஊரில் நெருப்புக் காய்ச்சல் இருக்கிறது என்று காட்டினால் யோசிக்கலாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வீட்டுக்குப் போனேன். ஊரில் யார் எதனால் செத்தார்கள் என்று பதிவுக்கு எழுதிக் கொடுப்பவர் அவர். எழுதின கொப்பியை எடுத்து வந்து காட்டினார். ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்குக் குளிர், ஒரு பிள்ளைக்குப் பயம். பொன்னியின் புருசனுக்கு நேரே 'முதுமை' என்று எழுதியிருந்தது. அந்த மனிதன் சாகும்போது ஒரு நாளைக்கு முப்பது பனை ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன்.

"இதை மாற்றி எழுதித் தாருங்கோ, ஐயா. இல்லாட்டில் ஒரு உதவியும் வராது" என்று கெஞ்சினேன். கெஞ்சுவது அப்போது எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. விதானையார் கொப்பியை மூடினார். எனக்கு மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். பிறகு, புத்தி குறைந்த மருமகனுக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார்: "நெருப்புக் காய்ச்சல் எண்டு ஒருக்கா எழுதினால் இந்த ஊர்ப் பெட்டையளைக் கேட்டு ஆர் வருவான்? உமக்குப் பொம்பிளைப் பிள்ளையள் இல்லைப் போலை."

நூறு கடதாசி

நான் விடாமல் எழுதினேன். அதற்குப் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் தபாலில் ஒரு சுருள் வந்தது. பிரித்தால் நூறு சுவரொட்டிகள். 'கொதித்து ஆறிய நீரையே பருகுக' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கூசா, குடிக்கிற ஒரு பேணி, தலை வாரிய ஒரு பெண்பிள்ளை. சண்டைக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொப்பி இல்லை. இந்தக் கடதாசி மட்டும் எங்கிருந்து வந்ததோ தெரியாது, நல்ல தடித்த கடதாசி.

ஒட்டுவதற்கு அந்தக் குடிசைகளில் சுவர் இல்லை. எல்லாம் ஓலை. ஆகவே வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்டினேன். வெட்கமாக இருந்தது, ஆனால் செய்தேன், ஏனென்றால் நூறும் ஒட்டியாயிற்று என்று நான் எழுதி அனுப்ப வேண்டும். பொன்னி முழுவதையும் மரியாதையாகக் கேட்டாள். அன்றைக்கு ஊர்க் கிணற்றில் யாரும் ஊற்றாததால் அவளுடைய குடம் வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அவள் அந்தப் படத்தில் இருந்த கூசாவைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கொதிக்க வைக்கிறதுக்கும் முதல்லை தண்ணி வேணுமெல்லே, ஐயா?"

எல்லாரும் சம்மதித்த கூட்டம்

மேலிடத்தை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று ஊராரிடமே கேட்கத் துணிந்தேன். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தேன். என்னோடு திரேசம்மாவும் வந்தாள். அரசாங்க மருத்துவிச்சி; குருநகர்க்காரி; என்னிலும் பத்து வயது மூத்தவள். குடையும் பையுமாக அந்தக் குடிசைகளுக்குள் எல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தவள். பிறந்த பிள்ளையைக் கழுவக் குளத்துத் தண்ணீர் எடுத்த வயிற்றெரிச்சல் அவளுக்கு.

அந்த ஏழைகளுக்கு ஒரு கிணறு வேண்டும் என்பதில் கூட்டத்தில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. ஓர் உபாத்தியாயர் கண் கலங்கப் பேசினார். எங்கே வெட்டுவது என்று கேட்டதும் ஒவ்வொருவரும் பக்கத்துக் காணிக்காரரின் தயாள குணத்தைப் புகழ ஆரம்பித்தார்கள். பக்கத்துக் காணிக்காரர் அடுத்த பக்கத்துக் காணிக்காரரைப் புகழ்ந்தார். இப்படியே புகழ்ச்சி மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து கடலோரத்தில் இருந்த தன்னுடைய துண்டைத் தருவதாகச் சொன்னார். கைதட்டினார்கள். அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும் என்பது கைதட்டிய அத்தனை பேருக்கும் தெரியும். நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்து வைத்தவன் நான்தான். வெளியே வந்து குடையை விரித்தபடி திரேசம்மா சொன்னாள்: "பிள்ளைப்பெறு வீட்டு ஆம்பிளையளும் இப்பிடித்தான், தம்பி. வெளியிலை நிண்டு 'கெதியா, கெதியா' எண்டு அவசரப்படுத்துறதுக்கு ஒரு குறையும் இல்லை."

பென்சன்காரர்

கூட்டத்துக்கு வராத ஒருவர்தான் அடுத்த கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சங்கரப்பிள்ளையர். மலாயாவில் ரயில்வேயில் இருந்து பென்சன் வாங்கி வந்தவர். வீட்டுக்கு உள்ளேயும் சப்பாத்துப் போடுவார். அவரோடு மலாயாவில் இருந்து வந்த இன்னொரு பென்சன்காரர் அந்த வருடம் கோவிலுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டிக் கொடுத்திருந்தார். அது மணிக்கு ஒருமுறை அடித்து இவருடைய நித்திரையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. குடிசைகளுக்கு அடுத்தாற்போல இவருடைய பனங்காணி. அதன் நடுவில் ஒரு பழைய கிணறு. தகப்பன் காலத்தில் வெடி வைத்து வெட்டினது. கட்டு இடிந்திருந்ததே தவிர, தண்ணீர் இளநீர்போல இருக்கும். அந்தக் கிணற்றை நன்கொடையாகத் தருகிறேன் என்றார்.

எனக்குக் காலில் விழவேண்டும்போல இருந்தது. அவருக்கு இரண்டே நிபந்தனைகள். ஒன்று, கச்சேரியில் இருந்து பெரிய மனிதர் வந்து திறந்து வைக்கவேண்டும். இரண்டு, கிணற்றடியில் சீமெந்துத் தூண் கட்டி அதில் பெயர்க்கல் பதிக்கவேண்டும். கல் முதலில், கிணற்றுக் கட்டு பிறகு. கட்டு இல்லாவிட்டால் பிள்ளைகள் விழும், மழை வெள்ளம் உள்ளே இறங்கும், கட்டை முதலில் கட்டுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளில் கையை வைத்து, "தம்பி, தண்ணி குடிக்கிறவன் ஆர் தந்தது எண்டு தெரியாமல் குடிக்கப்படாது" என்றார்.

பாலும் சீமெந்தும்

இப்போது கிணறு இருந்தது, சீமெந்து இல்லை. சீமெந்துக்குக் கச்சேரியில் அனுமதி எடுக்கவேண்டும். சண்டை முடியட்டும் என்றார் அங்கே இருந்த கிளாக்கர். நான் கிழமைக்கு ஒருமுறை போனேன். அந்த விறாந்தையில் எந்தத் தூணில் எத்தனை பல்லி இருந்தது என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன். நெருப்புக் காய்ச்சல், பிள்ளைகள், விதவை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் எல்லாவற்றுக்கும் 'பாவம்' என்றார். நல்ல இரக்கமான மனிதர்.

ஒருநாள் அலுத்துப்போய் வேறொரு கதை கதைத்தேன். அவருக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டுக்குப் பால் எங்கே இருந்து வருகிறது என்று கேட்டேன். ஊரைச் சொன்னார். அதே ஊர். காலைக் கோச்சியில் பாலைக் கொண்டுவருகிறவர் தன்னுடைய கலங்களை எந்தக் குளத்தில் அலசுகிறார், பால் அளவு குறைந்தால் எந்தத் தண்ணீரால் நிரப்புகிறார் என்று நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். அவருடைய பேனை நின்றது. அந்தக் கிழமையே சீமெந்துக்கு அனுமதி வந்தது. அதைக் கையில் தரும்போது, இருபது குடிசைக்கும் இவ்வளவு தேவையா என்ற யோசனை அவருக்கு இன்னும் தீரவில்லை. கேட்டார்: "அந்தப் பால்காரனுக்கு மட்டும் ஒரு கிணறு கட்டிக் குடுத்தால் காணாதோ?"

திறப்பு விழா

கிடைத்த சீமெந்தில் பெரும்பகுதி தூணுக்குப் போனது. மிச்சத்தில் கட்டை முழங்கால் உயரத்துக்குக் கட்டினோம். நன்கொடை உறுதிப் பத்திரத்தை எழுதிவந்த நொத்தாரிசு அதை என்னிடம் தந்தபோது, திணைக்களத்தின் சார்பில் வாங்கினேன் என்று கையெழுத்து வைத்தேன். வாசிக்கவில்லை. பெயர்க்கல்லில் சங்கரப்பிள்ளையரின் பட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

விழா அன்று பனங்காணி வேலியை ஓர் இடத்தில் பிரித்து வாழை கட்டியிருந்தார்கள். மேளம் வந்தது. கச்சேரிப் பெரியவருக்கு மாலை, சங்கரப்பிள்ளையருக்கு அதைவிடப் பெரிய மாலை. பேச்சுகள் நடந்துகொண்டிருந்தபோது குடிசைச் சனங்கள் குடத்தோடு வெயிலில் நின்றார்கள். அந்த ஒன்றில் பழைய வழக்கம் மாறவில்லை. கடைசியில் படம் எடுக்கிறவர் பொன்னியை முன்னுக்கு வரச் சொன்னார். சங்கரப்பிள்ளையர் அவளுடைய குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோலப் படம். முதல் படம் சரிவரவில்லை என்று தண்ணீரைத் திரும்பக் கிணற்றில் ஊற்றிவிட்டு மறுபடி எடுத்தார்கள். எனக்கு அப்போது அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கிணறு கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் நானும் ஒரு மாலை போட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற திரேசம்மா வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, பிரிச்ச வேலிக்குப் பக்கத்திலை கிடுகு ஓலையும் கதியால் கம்பும் அடுக்கி வைச்சிருக்கினம். அது ஏன்?"

நொத்தாரிசு வீட்டில்

அது ஏன் என்று மறுநாள் காலையில் தெரிந்தது. வேலி அடைத்தாயிற்று. பொன்னியும் மற்றவர்களும் குடத்தோடு வேலிக்கு வெளியே நின்றார்கள். ஒரு கதியாலை அசைத்தால் காணிக்காரர் அவர்களைக் குடியிருக்கிற நிலத்திலிருந்தும் எழுப்பிவிடுவார். நான் சங்கரப்பிள்ளையரிடம் ஓடினேன். அவர் கோபப்படவில்லை. அந்தப் பனங்காணி மகளுக்குச் சீதனமாக எழுதின காணி என்றார். அதற்குள்ளால் ஓர் ஒழுங்கை போனால், அதுவும் அந்தச் சனங்கள் நடக்கிற ஒழுங்கை, மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது என்று என்னிடமே நியாயம் கேட்டார். கிணறு தந்தது தந்ததுதான், தான் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை என்றும் சொன்னார்.

உறுதியைத் தூக்கிக்கொண்டு நொத்தாரிசு வீட்டுக்குப் போனேன். அங்கே இருந்துதான் அதை முதல்தரம் வாசித்தேன். கிணறு இருந்தது, அதன் கட்டு இருந்தது, ஆழம்கூட இருந்தது. கிணற்றுக்கு நடந்துபோகிற உரிமையைத் தருகிற 'வழி வாய்க்கால் உரித்தும்' என்ற வரி இல்லை. எங்கள் நாட்டில் கிணறு எழுதுகிற எந்த உறுதியிலும் அந்த வரி இருக்கும். என்னுடைய தகப்பனார் நாலு முழ ஒழுங்கைக்காகப் பத்து வருடம் கோட்டு வழக்குக்கு நடந்தவர். அந்த வரியைக் கேட்டுக்கேட்டு வளர்ந்த பிள்ளை நான். நெருப்புக் காய்ச்சலைப்பற்றி இங்கிலீசில் எல்லாம் படித்தேன், இதைப் பார்க்கத் தவறினேன். என் முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நொத்தாரிசு வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளினார். "சங்கரப்பிள்ளையர் சொன்னதை நான் எழுதினன். நீர் வழி கேக்கேல்லை. கேட்டிருந்தால் எழுதலாமோ எண்டு அவரைக் கேட்டிருப்பன்."

கல்லில் எழுதியது

திணைக்களத்தின் கணக்கில் அந்த ஊருக்குக் கிணறு கிடைத்தாயிற்று. பாராட்டுக் கடிதம் வந்தது. வழிக்காக நான் எழுதியவற்றுக்கு, காணிப் பிணக்கு சுகாதாரப் பகுதியின் வேலை அல்ல என்று பதில் வந்தது. ஆனால் ஒன்று தவறாமல் வந்தது: வைக்கோல் சுற்றிய பெரிய போத்தல். கிணறு இருந்தால் மருந்து உண்டு அல்லவா. அரசாங்க உத்தியோகத்தன் என்பதால் சங்கரப்பிள்ளையர் வீட்டுப் படலை வாசலால் போய்வர எனக்குத் தடை இல்லை. மாதம் ஒருமுறை போய், ஒருவரும் குடிக்காத தண்ணீரைச் சுத்தமாக்கினேன்.

அந்த மாரிக்கு முன் பொன்னியின் இளைய பெண் செல்லிக்குக் காய்ச்சல் வந்தது. திரேசம்மாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மானிப்பாய் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே இரவு பகலாகப் பார்த்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு தலைமயிர் எல்லாம் கொட்டி, கால் இரண்டும் ஈர்க்குபோலத் திரும்பி வந்தது பிள்ளை. வந்ததும் தண்ணீர் கேட்டது. வீட்டில் இருந்தது குளத்துத் தண்ணீர். பொன்னி அதைத்தான் காய்ச்சிக் கொடுத்தாள். எத்தனை நாளைக்குக் காய்ச்சுவாள், விறகுக்கு எங்கே போவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கவில்லை.

அடுத்த முறை நான் போத்தலோடு கிணற்றடியில் நின்றபோது வேலிக்கு வெளியே இருந்து பொன்னி கூப்பிட்டாள். செல்லி அவள் இடுப்பில். கிடுகு கிழிந்த ஓட்டையால் தூண் தெரியும். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வாசித்தேன்: 'இவ்வூர் ஏழை எளிய மக்களின் தாகம் தீர்க்கும் பொருட்டு, மலாயன் பென்சனியர் சங்கரப்பிள்ளை அவர்களின் உபயம்.' ஏழை எளிய மக்கள் என்றால் யார் என்று கேட்டாள். நீங்கள்தான் என்றேன். அவள் கோபிக்கவில்லை, அழவில்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "அப்ப எங்கடை பேர் மட்டும் உள்ளுக்கை நிக்குது. அதுக்குத் தண்ணி விடாய்க்காது, ஐயா, எங்களையெல்லோ விட்டிருக்கவேணும்."

ஆகவே, என்னைப்போல நல்லது செய்யப் புறப்படுகிறவர்களே, தருமவான் தருகிற கிணற்றின் ஆழத்தைப் பார்ப்பதற்கு முன் அதற்குப் போகிற வழி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கும் ஒரு மாலையும் ஒரு பாராட்டுக் கடிதமும் மாதம் ஒரு போத்தல் மருந்தும் நிச்சயம் கிடைக்கும்.